அந்தக் கேஸ் ஷீட்டில் எதையும் எழுதாதே, நஸீமா

நஸீமா, விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டு எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாக நீ என்னோடு பேசவில்லை. போனை எடுக்கவில்லை. நேற்று இரண்டு தடவை உன் வீட்டு வாசலுக்கு வந்தேன். "தலைவலின்னு படுத்திருக்கா மாமா" என்று மருமகன் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லி அனுப்பினார். அதனால் இதை எழுதி உன் கிளினிக் மேசைமேல் வைத்துவிட்டு வரப்போகிறேன். உறையை ஒட்டப்போவதில்லை. ரிசப்ஷனில் இருக்கிற ஜெயா பிரித்துப் படித்தாலும் படிக்கட்டும். இந்த ஊரில் பல் வைத்தியம் பார்க்கிற வேறு எந்த டாக்டர் கையில் கிடைத்தாலும் கிடைக்கட்டும். ஆனால் பதினோரு மணிக்குள் நீ படித்தாக வேண்டும். பதினோரு மணிக்குப் பெருமாள்சாமியின் மகன் தன் அப்பாவுடைய கேஸ் ஷீட்டை வாங்க வருகிறான்.

புதன்கிழமை சாயங்காலம் நான் படியேறி வந்தபோது உன் அறைக் கதவு பாதி திறந்திருந்தது. மேசைமேல் பெருமாள்சாமியின் பழைய ஷீட் ஒரு பக்கம், புது ஷீட் ஒரு பக்கம். நீ பழையதைப் பார்த்துப் பார்த்துப் புதியதில் எழுதிக்கொண்டிருந்தாய். பல்லின் எண், மரத்துப்போகப் போட்ட ஊசி, எழுதிக்கொடுத்த மாத்திரை எல்லாம் அப்படியே. நோயாளி ஏற்கெனவே சாப்பிடும் மருந்துகள் என்ற கட்டம் மட்டும் பழையதில் காலி. புதியதில் ஒரு வரி இருந்தது: கேட்டதற்கு எதுவும் சாப்பிடவில்லை என்றார். "நீ கேட்டியாம்மா அவர்ட்ட?" என்றேன். நீ நிமிரவே இல்லை. "அத்தா, நீங்க வைத்தியம் பாக்கறத விட்டு நாலு வருசமாச்சு. இது இப்ப என் கிளினிக்கு. எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு. ரெஜிஸ்ட்ரேசன் போச்சுன்னா நீங்களா வந்து குடுப்பீங்க? இதுல தலையிடாதீங்க." அம்புட்டுதான் நாம் கடைசியாகப் பேசியது.

நீ பயந்துபோயிருக்கிறாய். எனக்குத் தெரியும். போன சனிக்கிழமை என்ன நடந்தது என்றும் தெரியும், ஏனென்றால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. மறுநாள் திருச்சியில் உன் மாமி மகன் நிக்காஹ். பன்னிரண்டு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று கீழே காரில் உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தது நான். இரண்டு தடவை போன் செய்து, "செத்த நேரத்துல முடிச்சுட்டு வாம்மா, ஒரு பல்லுக்கு எம்புட்டு நேரம்" என்று சொன்னதும் நான். அந்த ஒரு பல் குஜிலியம்பாறைப் பக்கத்தில் மானாவாரி நிலத்தில் கடலை போடுகிற பெருமாள்சாமியுடையது. காலையில் பஸ் ஏறி, மனைவியோடு வந்து, இரண்டு மணி நேரம் பெஞ்சில் காத்திருந்தவர். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல். லேசாக எடுத்துவிட்டாய். பஞ்சைக் கடிக்கச் சொன்னாய், வலி மாத்திரை எழுதினாய், கையைக் கழுவிக்கொண்டு ஓடி வந்து காரில் ஏறினாய். இதய வால்வு மாற்றி வைத்தவர், ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதை நீ கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. நீ எழுதிக்கொடுத்த வலி மாத்திரை ரத்தக் கசிவை இன்னும் கூட்டும் என்று உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் வாயில் ரத்தம் நிற்கவில்லை. வீட்டார் கிளினிக் நம்பருக்கு அடித்துக்கொண்டே இருந்தார்கள். கிளினிக் போன் பூட்டிய கிளினிக்குள், ஜெயாவின் மேசை டிராயரில் கிடந்தது. நாம் திருச்சியில் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

வியாழக்கிழமை உனக்குச் சொல்லாமல், அவரைச் சேர்த்திருக்கிற மதுரை ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவரைப் பார்த்தேன். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே அவருடைய மனைவி ஒரு பாயை விரித்து உட்கார்ந்திருந்தார். நான் யார் என்று சொன்னேன். அந்தம்மா எழுந்து நின்று கும்பிட்டார், நஸீமா. என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "டாக்டரம்மா தங்கமான பிள்ளைங்கய்யா. எங்க மேலதான் தப்பு. மாத்திரைப் பை என் கூடைக்குள்ளதான் கெடந்துச்சு. அவுக கேக்கலையேன்னு நானும் சொல்லாம விட்டுட்டேன்" என்றார். பேச வேண்டிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டது அது முதல் தடவை இல்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உங்க அம்மாவுக்கே நான் சொல்லாத விஷயம் இது.

இருபத்தாறு வருசத்துக்கு முன்னால், நீ மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தாய். சேவுகம்பட்டியிலிருந்து வீரம்மாள் என்று ஒருவர் என்னிடம் கீழ்க் கடைவாய்ப் பல்லை எடுத்துக்கொண்டு போனார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். கூட மகள் செல்வி, பதினெட்டு பத்தொன்பது வயசுப் பெண். அன்று சந்தை நாள், கிளினிக்கில் நிற்க இடமில்லை. வீரம்மாள் வாயைக் கைக்குட்டையால் பொத்தியிருந்தார். எச்சிலை விழுங்க முடியாமல் ஒழுகியது. தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் கல் மாதிரி வீக்கம். வாயைத் திறக்கச் சொன்னேன், ஒரு விரல் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. நான் அவரைச் சேரில் உட்கார வைக்கவில்லை. நிற்க வைத்தே பார்த்துவிட்டு, "வீக்கம் இருக்கத்தான் செய்யும். மாத்திரையைத் தொடர்ந்து போடுங்க, உப்புத் தண்ணியில கொப்பளிங்க" என்றேன். செல்வி கேட்டாள்: "டாக்டர், அம்மாவுக்கு மூச்சு விடவே கஷ்டமா இருக்குன்னு சொல்றாக." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பயத்துல அப்படித்தான் இருக்கும்." மறுநாள் காலையில் ஒரு வேனில் மதுரைக்குக் கொண்டுபோகிற வழியில், நிலக்கோட்டை தாண்டுமுன் வீரம்மாள் இறந்துபோனார். வீக்கம் தொண்டையை அடைத்துவிட்டது. கல்லூரிப் பரீட்சையில் யோசிக்காமலே பதில் எழுதியிருக்கிறேன், அந்த வீக்கத்தின் அடையாளங்கள் என்ன, உடனே என்ன செய்ய வேண்டும் என்று. அன்று எனக்குத் தெரியாமல் இல்லை. நேரம் இல்லை. அவ்வளவுதான்.

சேதி வந்த அன்று மத்தியானம் நானும் ஒரு புதுத் தாளை எடுத்தேன். மருத்துவமனையில் உடனே சேரும்படி அறிவுறுத்தப்பட்டது, உடன் வந்த மகள் மறுத்துவிட்டார் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். அப்போது என்னிடம் உதவியாளராக இருந்த பாக்கியம் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "சார், நீங்க அப்படி ஒண்ணும் சொல்லலையே சார்" என்றார். "உன் வேலையப் பாரு" என்றேன். பழைய தாளைக் கிழித்தேன். அடுத்த மாதம் பாக்கியம் காரணம் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுகொண்டார். பதினோரு வருசம் என் கூட இருந்தவர். உண்மையைச் சொன்ன ஒரே ஆளின் வாயை நான் அடைத்தேன். அதற்குப் பிறகு என் கிளினிக்கில் யாரும் எதையும் எனக்கு எதிராகச் சொன்னதில்லை. அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

கேஸ் எதுவும் வரவில்லை. அதுதான் கொடுமை. கோர்ட், நோட்டீஸ் என்று எதுவும் தெரியாத ஆள்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வீரம்மாளின் புருசன் வந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். சண்டைக்கு வரவில்லை. "எப்படிங்கய்யா ஆச்சு, என்னதான் ஆச்சுன்னு தெரிஞ்சாத் தேவலை" என்றார். நான் அந்தப் புதுத் தாளை எடுத்து அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன், நஸீமா. என் வாயால். "ஆஸ்பத்திரியில சேருங்கன்னு சொன்னேன், உங்க மகதான் வேண்டாம்னுட்டா." அவர் அதைத் திரும்பக் கேட்டார். நான் திரும்ப வாசித்தேன். தாளைத் தொட்டுப் பார்த்தார். "எழுத்துல இருக்கா?" என்றார். இருக்கிறது என்றேன். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒரு மாதம் கழித்துச் செல்வி மட்டும் வந்தாள். கூட்டம் எல்லாம் போகும் வரைக்கும் பெஞ்சில் காத்திருந்து உள்ளே வந்தாள். "டாக்டர், எங்கப்பா என்கிட்ட பேச மாட்டேங்கிறாரு. அம்மாவக் கொன்னுட்டேன்னு சொல்றாரு. நீங்க ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னீங்களா? எனக்கே இப்பச் சந்தேகமா இருக்கு. சொல்லியிருந்தா என் காதுல விழுகாமப் போயிருக்குமா?" அழவில்லை அவள். நிஜமாகவே கேட்டாள். தன் காதை அவளே நம்ப முடியாத நிலைக்கு நான் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன். அந்த நிமிடம் கூடச் சொல்லியிருக்கலாம். "சொன்னேம்மா. கூட்டமா இருந்துச்சு, உனக்குக் கேக்காம இருந்திருக்கும்" என்றேன். அதை ஒரு ஆறுதல் மாதிரி சொன்னேன்.

இதற்கப்புறம் நான் நல்ல டாக்டராக மாறினேன். நீ வளர்ந்து பார்த்ததெல்லாம் அந்த மனிதனைத்தான். திரும்பி வருகிற நோயாளியை எத்தனை கூட்டம் இருந்தாலும் முதலில் சேரில் உட்கார வைக்கிற டாக்டர். பல் எடுத்தவருக்கு அன்று சாயங்காலமே போன் செய்கிற டாக்டர். எதுவும் சந்தேகமாக இருந்தால் கூச்சப்படாமல் மதுரைக்கு எழுதிக்கொடுக்கிற டாக்டர். "எங்க அத்தா மாதிரி கவனமான ஆளு கெடையாது" என்று கல்லூரியில் நீ சிநேகிதிகளிடம் சொன்னதாக உங்க அம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அந்தக் கவனம் எங்கிருந்து வந்தது என்று உனக்கு நான் சொல்லவே இல்லை. காரணத்தைச் சொல்லாமல் பழக்கத்தை மட்டும் கொடுத்தேன். காரணம் தெரியாத பழக்கம் ஒரு கல்யாண அவசரத்தில் நழுவிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் மேல் நான் கோபப்பட முடியாமல் இருப்பது இதனால்தான்.

நேற்று ஜும்மா தொழுகை முடிந்ததும் பஸ் ஏறிச் சேவுகம்பட்டிக்குப் போனேன். செல்வியை விசாரித்துக் கண்டுபிடிக்க ஒன்றும் கஷ்டமாக இல்லை. இருபத்தாறு வருசமும் அவள் ஒரு பஸ் தூரத்தில்தான் இருந்திருக்கிறாள். வீட்டு முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைக்கிறாள். தலை நரைத்திருந்தது. யார் என்று உடனே தெரிந்துவிட்டது அவளுக்கு. நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நான் சேரச் சொல்லவில்லை, நீ மறுக்கவில்லை, அந்தத் தாளை நான் பிறகு எழுதினேன், நீ கேட்டபோதும் பொய் சொன்னேன். அவள் மெஷினில் இருந்த துணியை எடுத்து மடித்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "இத எங்கப்பாகிட்டச் சொன்னீங்களா?" இல்லையம்மா, உன்னிடம்தான் முதலில் என்றேன். "அவரு செத்து ஆறு வருசமாச்சு. என் கல்யாணத்துக்கு வரல. பிள்ளை பெத்தப்ப வந்து பாக்கல. சாகக் கெடக்கையில பக்கத்துல போனேன், மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு." அவ்வளவுதான் சொன்னாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. "போயிட்டு வாங்க, பஸ் வந்துரும்" என்றாள். நான் வாசலைத் தாண்டும்போது மெஷின் மறுபடி ஓடுகிற சத்தம் கேட்கவில்லை. தெருமுனை வரைக்கும் காதைத் தீட்டிக்கொண்டே நடந்தேன். கேட்கவில்லை.

இப்போது உன் புதுத் தாளை எடுத்துப் படி. கேட்டதற்கு எதுவும் சாப்பிடவில்லை என்றார். இந்த வரியை இன்று பதினோரு மணிக்கு அந்தப் பையன் படிப்பான். அவன் படித்தவன், ஆங்கிலம் தெரிந்தவன். நேரே மதுரைக்குப் போய்ப் பாயில் உட்கார்ந்திருக்கிற தன் அம்மாவிடம் கேட்பான்: டாக்டர் கேட்டிருக்காங்க, மாத்திரை கூடையில இருந்தும் நீ ஏம்மா சொல்லல? அந்தம்மா ஏற்கெனவே தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு இருக்கிறார். நீ அதை எழுத்தில் ஊர்ஜிதம் செய்யப்போகிறாய். பெருமாள்சாமி பிழைத்தாலும் அந்த வீட்டில் அது ஆறாது. பிழைக்காவிட்டால் என்ன ஆகும் என்று நான் நேற்றுப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன்.

நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், தயவுசெய்து கேள். பழைய தாளில் ஒரு புள்ளிகூட வைக்காதே. அந்தக் கட்டம் காலியாகவே இருக்கட்டும். உனக்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் தனித் தாளில் இன்றைய தேதியைப் போட்டு, இன்று எழுதுகிறேன் என்று தெளிவாகச் சொல்லி, சனிக்கிழமை நடந்ததை நடந்தபடி எழுது. காப்பீட்டுக்காரர்களுக்கும் வக்கீலுக்கும் அதே உண்மையைச் சொல். அவர்கள் உண்மையை வைத்துத்தான் உன்னைக் காப்பாற்ற முடியும். ஜெயாவை எதற்கும் சாட்சியாக இழுக்காதே. அவளிடம் ஏற்கெனவே ஏதாவது சொல்லச் சொல்லியிருந்தால் இன்று காலை முதல் வேலையாக, "வேண்டாம் ஜெயா, நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிடு. நாளைக்கு நீ ஊசியை எடுக்கும்போது, "மேடம், அவருகிட்ட மாத்திரை கேக்கலையே" என்று சொல்கிற துணிச்சல் அவளுக்கு வேண்டும். அது உன்னைக் காப்பாற்றும். என்னைக் காப்பாற்ற வந்தவரை நான் துரத்தினேன்.

இன்னொன்று. நம் பக்கத்து ஆள்களிடம் நோய் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள். மாத்திரை போட்டு அடங்கியிருக்கிற சர்க்கரையும் பிரஷரும் அவர்கள் கணக்கில் நோய் இல்லை. என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், பையை எடுத்துக் காட்டுங்கள் என்று கேள். பார்த்த பிறகுதான் கையுறை. மறுநாள் கிளினிக் திறக்காத நாளாக இருந்தால் முதல்நாள் பல் எடுக்காதே, எடுத்தே ஆக வேண்டும் என்றால் போனை உன் கையில் வைத்துக்கொள். கீழே காரில் யார் ஹாரன் அடித்தாலும், அது உன் அத்தாவாகவே இருந்தாலும், போகச் சொல்லிவிடு. இதெல்லாம் நீ மறுபடி சேர் பக்கத்தில் நிற்கிற நாளுக்காக எழுதுகிறேன். நிற்பாய் என்று நம்புகிறேன். உன் டாக்டர் பதிவைக் கொஞ்ச காலம் நிறுத்தி வைக்கலாம். தண்டனை வரலாம். ஊரில் பேச்சு வரும். நம் பெயர்ப் பலகையைப் பார்த்துத் தெருவைக் கடந்து போவார்கள். உன் பிள்ளைகளுக்கும் உனக்கும் நான் இருக்கிறேன், மருமகன் இருக்கிறார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் செல்வியை நேரில் பார்த்துவிட்டு வந்தவனாகச் சொல்கிறேன், நீ எழுதிய அந்த ஒரு வரியோடு உன்னால் வாழ முடியாது. நான் வாழ்ந்தேனே என்று கேட்காதே. நீ அத்தா என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண்ணுக்கு அப்பா இல்லாமல் செய்தவன் நான் என்பது எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

பத்து மணிக்கே வந்து நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். நீ எந்தத் தாளைக் கொடுக்கிறாய் என்று பார்ப்பேன். புதியதைக் கொடுத்தால், அந்தப் பையன் படியிறங்குமுன் அவனை நிறுத்தி, அது புதன்கிழமை எழுதியது, என் கண்ணால் பார்த்தேன் என்று சொல்லிவிடுவேன். சொல்ல மாட்டார் என்று நினைத்துவிடாதே. பெற்ற மகளைக் காட்டிக்கொடுத்தவன் என்று நீ ஆயுசு பூராவும் என்னோடு பேசாமல் இருந்தாலும் சொல்வேன். என்னை அதைச் செய்ய வைக்காதே, என் கண்ணு. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். நீயே சொல்லிவிடு. "உங்க அப்பாகிட்ட மாத்திரையப் பத்தி நான் கேக்கல, தம்பி. உங்க அம்மா மேல தப்பில்ல." அந்தப் பையன் கத்தலாம், உன்மேல் கையை ஓங்கலாம். நான் எழுந்து உனக்கு முன்னால் வந்து நின்றுகொள்கிறேன். நீ சொல்லி முடி.

அத்தா